ஊருக்குப் போறாக்களுக்கு: சிம், ரீலோட், சிக்னல் கதை

லண்டன், ரொறன்ரோவில இருந்து இலங்கைக்குப் போற சனம் இன்னும் ரோமிங்கை நம்பிப் போகுது, பிறகு பில்லைப் பாத்து தலையில கை வைக்குது. ஏன் இந்தச் செலவு? கட்டுநாயக்கா எயார்போட்டில பெட்டி எடுத்து வெளிய வரேக்கயே டயலொக், மொபிட்டல் எண்ட போன் கொம்பனியளின்ர கவுண்டர் எல்லாம் இருக்கு, பாஸ்போட்டைக் குடுத்தா சிம் போட்டு வேலை செய்யப் பண்ணித்தான் தருவினம். வெளிக்கிட முதல் உங்கட போன் வேற கொம்பனி சிம் வேலை செய்யாதபடி லொக் பண்ணினதோ எண்டு மட்டும் பாருங்கோ. கனடாவில 2017 டிசம்பருக்குப் பிறகு வாங்கினதெண்டா பயமில்லை, அமெரிக்காவில தவணைக்கு எடுத்ததெண்டா கேட்டுப் பாக்கிறது நல்லம்.

எந்த சிம் எடுக்கிறது? கவுண்டரில நிக்கிற தம்பி தன்ர கொம்பனியைத்தான் சொல்லுவார். நீங்கள் போய் நிக்கப்போற வீட்டு ஆக்களைக் கேளுங்கோ. யாழ்ப்பாணம் டவுனுக்குள்ள எதுவும் இழுக்கும், வடமராட்சி கிழக்கு, நெடுந்தீவு, வன்னியில உள்ளுக்க எண்டா அப்பிடியில்லை, ஒரு கொம்பனி சிம் ரெண்டு கோடு காட்டும், மற்றது செத்துப்போய்க் கிடக்கும், சில வீட்டில மதிலடிக்குப் போய் நிண்டாத்தான் வீடியோ கோலில முகம் தெரியும். கேக்க வெக்கமெண்டா சொந்தக்காரற்ற நம்பர்களைப் பாருங்கோ: 077, 076 டயலொக், 071, 070 மொபிட்டல், 078, 072 ஹட்ச், 075 எயார்டெல் (அது 2024ல டயலொக்கோட சேந்திட்டுது). அந்த ஊராக்கள் முக்காவாசியும் வச்சிருக்கிறது எதுவோ அதையே எடுங்கோ.

ஏன் இடத்துக்கிடம் இப்பிடி எண்டா அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. இலங்கைக்கு செல்போன் வந்தது 1989ல, தெற்காசியாவிலயே முதல். ஆனா வடக்கில 90க்குப் பிறகு சண்டையால சாதாரண லைனே அறுந்து கிடந்தது. 1995ல கொழும்பில டயலொக் தொடங்கின கையோட இங்க யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து போச்சுது. 2002 சமாதான காலத்துக்குப் பிறகுதான் டவர் எங்கட பக்கம் வந்தது. 2006ல கொழும்பில 3ஜி, அதே வருசம் ஆகஸ்டில யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 ரோட்டு பூட்டு! வீட்டில சிடிஎம்ஏ எண்ட வயரில்லாத வீட்டு போன் வச்சிருந்த சனம், வெளிநாட்டுக் கோலுக்கு கொமினிகேஷன் கடையில காத்திருந்த சனம், ஈமெயில் கொம்பியூட்டர் எண்டு ஒண்டும் பழகாம நேரா கைப்போனிலதான் இன்டர்நெட்டுக்கு வந்தது. அதால ரூம் புக் பண்ண, வான் பிடிக்க, ஐயரைக் கேக்க எண்டு மெயில் போட்டிட்டுக் காத்திருக்காதேங்கோ, ஒருத்தரும் பாக்க மாட்டினம். வட்ஸ்அப்பில ஒரு வொய்ஸ் போடுங்கோ, பத்து நிமிசத்தில பதில் வரும்.

அதே வட்ஸ்அப் புது சிம் போட்டவுடன நம்பரை மாத்தவோ எண்டு கேக்கும், வேண்டாமெண்டு விடுங்கோ. வெளிநாட்டு சிம்மைக் கழட்டி எறியவும் வேண்டாம், பாங்க் ஓடிபி அதுக்குத்தான் வரும், ரெண்டு சிம் போடுற போனெண்டா அதில டேட்டா ரோமிங்கை மட்டும் நிப்பாட்டிவிட்டுக் கிடக்கட்டும்.

ரீலோட், அதாவது சிம்முக்குக் காசு போடுறது, சந்திக் கடையிலயும் போடலாம், நம்பரைச் சொல்லிக் காசைக் குடுத்தாச் சரி. வெறும் ரீலோட்டில நெட் பாத்தா காசு பறக்கும், டேட்டா பாக்கேஜ் எண்டு சொல்லிப் போடுங்கோ.

மருமகனுக்கு போன் கொண்டு போறாக்கள் கவனம். 2025 ஜனவரியில இருந்து புதுசா பாவனைக்கு வாற போனுகள் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில பதிஞ்சிருக்க வேணுமெண்டு சட்டம் இறுக்கியிருக்கினம், வாங்க முதல் அங்க விசாரியுங்கோ. அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119, ரெண்டையும் இப்பவே போனில போட்டு வையுங்கோ.

திரும்பேக்க சிம்மை மச்சானிட்ட குடுத்திட்டு வாற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கு. அது உங்கட பாஸ்போட்டில பதிஞ்ச சிம், ஆர் என்னத்துக்குப் பாவிச்சாலும் பேர் உங்கட பேர்தான்.