புதுப் பயனர் எண்ணிக்கை திடீரென ஏறினால்

வரைபடம் ஒரே நாளில் செங்குத்தாக ஏறிவிட்டதா? மகிழ்வதற்கு முன், உங்கள் மென்பொருள் "புதியவர்" என்று எதை எண்ணுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஆளை எண்ணுவதில்லை. முதல்முறை திறக்கும்போது உருவாகும் அடையாள எண்ணைத்தான் எண்ணுகிறது.

2019 மே மாதம் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 67 உலாவி இதற்கு நல்ல உதாரணம். அதிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி புரொஃபைல், அதாவது பயனரின் அமைப்புகளும் தரவும் இருக்கும் கோப்புறை. ஒரே கணினியில் வழக்கமான பதிப்பையும் நைட்லி என்ற சோதனைப் பதிப்பையும் வைத்திருப்பவருக்கு இரண்டு புரொஃபைல், இரண்டு அடையாள எண்கள். ஆள் என்னவோ ஒருவர்தான்.

ஏற்றத்தைப் பதிப்பு, இயங்குதளம், நாடு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே பதிப்பில் மட்டும் என்றால் அந்தப் பதிப்பில் மாறிய நிரல் வரிகளைத் தேடலாம். அப்புறம், நான் தவறாமல் செய்வது இது: அன்றைய புது எண்களில் ஒரு 20-ஐ எடுத்து, மூலப் பதிவுகளை வரிவரியாக வாசிப்பேன். எல்லாவற்றிலும் ஒரே திரை அளவு, 40 நொடிப் பயன்பாடு, மறுநாள் யாரும் திரும்பவில்லை என்றால், அநேகமாக அது மென்பொருளைத் தானாகச் சோதிக்கும் கணினி. ஒவ்வொரு முறையும் துடைத்துப் புதிதாக எழுப்பப்படுவதால் ஒவ்வொரு முறையும் "புதியவர்" ஆகிவிடுகிறது. சராசரிகளில் இது கண்ணில் படவே படாது.

தேதியைப் பயனரின் கணினிக் கடிகாரத்திலிருந்து எடுக்காதீர்கள். அது தவறாக இருக்கலாம். பதிவு சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.