படுக்கையில் இருப்பவரைத் திருப்பும்போது
முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்டுக்குப் புதிதாக வருபவர்களை முதலில் குதிகாலைப் பார்க்கச் சொல்வேன். படுக்கைப் புண் சத்தமில்லாமல் தொடங்கும் இடங்களில் அது ஒன்று. முதுகின் அடி எலும்பு, இடுப்பு, ஆக்சிஜன் குழாய் உரசும் காதின் பின்புறம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்துங்கள். வெளுக்காவிட்டால் அது புண்ணின் முதல் நிலை. கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது.

திருப்பும் முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், நினைவு தப்பியவராக இருந்தாலும் சரி. கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, இரண்டு பேராக விரிப்போடு தூக்கி நகர்த்துங்கள். தனியாக இழுத்தால் அவர் தோலும் போகும், உங்கள் முதுகும் போகும். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று. குதிகால் மெத்தையில் படக் கூடாது.

வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பார்கள். ஆள் குறைந்த இரவில் தள்ளித்தான் போகும். திருப்பிய நேரம் குறிக்கும் பதிவேட்டில் தள்ளிப்போன நேரத்தையே எழுதுங்கள். விடியற்காலையில் மொத்தமாக உட்கார்ந்து நிரப்பும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

அப்புறம், கட்டிலைத் திரும்ப இறக்கிவிட்டு நகருங்கள்.