ஆன்டனோவ் ஏஎன்-2: ஸ்டார்ட்டரைத் தொடும் முன் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றுங்கள்

ராத்திரி முழுக்க நின்ற ஏஎன்-2 விமானத்தின் 9 சிலிண்டர் ரேடியல் எஞ்சினில் (சிலிண்டர்கள் வட்டமாக அமைந்தது) ஆயில் மெல்ல இறங்கி, கீழ்ப்பக்கச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். ஆயில் அமுங்காது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரைப் போட்டால், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும். அன்றைக்கு எஞ்சின் ஓடிவிடும், ராட் உடைவது பிறகு ஆகாயத்தில். அதுதான் வம்பு.

ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ப்ரொப்பெல்லரை அது சுழலும் திசையிலேயே சுற்றுங்கள். எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை அமுக்கி முடிக்கக் கிராங்க் 2 சுற்று வர வேண்டும். நடுவில் கியர் இருப்பதால் அதற்குள் ப்ரொப்பெல்லர் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவே திரும்பும். ப்ரொப்பெல்லருக்கு 4 இறக்கைகள்; அதனால் ஒரே இடத்தை இறக்கைகள் குறைந்தது 6 முறை கடக்க வேண்டும். 12 முறை கடத்துவது நல்லது.

சாதாரண கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் எதிர்ப்பு, ரப்பர் மாதிரி விட்டுக்கொடுக்கும். சுவரில் மோதியதுபோல் சட்டென்று நின்றால் ஆயில்தான். இரண்டு பேர் தொங்கி இழுக்காதீர்கள். பின்னோக்கியும் சுற்றாதீர்கள், ஆயில் காற்று உள்ளே வரும் இன்டேக் குழாய்க்குள் போய், ஸ்டார்ட் ஆனதும் திரும்ப உள்ளே உறிஞ்சப்படும். அதற்குப் பதிலாக, 4 முதல் 7 வரையுள்ள கீழ்ப்பக்கச் சிலிண்டர்களில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடியவிட்டு, மறுபடி சுற்றிப் பாருங்கள்.