கண்ணாடி டம்ளருக்குள் ஐந்தில் ஒரு பங்கு: சிறுவர்களுக்கு அறிவியல் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆறாம் வகுப்பு. கணீரென்ற குரல், பிள்ளைகளோடு இதமான பேச்சு, கரும்பலகையில் அழகான படம். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பத்தாவது நிமிடத்தில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை நட்டு, தீக்குச்சியை உரசினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்து அவர் சொல்லப்போகும் ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். பதினோரு வருடம் அதையே சொன்னவன் நான்.

அந்த மெழுகுவத்தியைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன். 'மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள்', 'கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள்' என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, விட்டுவிடலாம். அக்கறையோடு சொல்லித்தருபவர்கள் செய்கிற தவறுகள் வேறு ரகம்.

## வீட்டுப் பேச்சும் பாடச் சொல்லும்

'ஐஸ் கரைந்துவிட்டது' என்று பேசாதவர் யார்? பேச்சில் அது குற்றமில்லை. வகுப்பில் மட்டும் ஐஸ் உருகும், உப்பு கரையும். உருக ஒரு பொருளும் சூடும் போதும். கரைய இரண்டு பொருள் வேண்டும். இதைப் பிரித்துக் காட்டாமல் அடுத்த பாடத்துக்குத் தாவினால், 'உப்பு தண்ணீரில் உருகி மறைந்தது' என்று விடைத்தாளில் வந்து நிற்கும். உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அது மறையவும் இல்லை. 100 கிராம் தண்ணீரில் 10 கிராம் உப்பைப் போட்டுக் கலக்கித் தராசில் வைத்தால் 110 கிராம் காட்டும். செய்து காட்ட மூன்று நிமிடம்கூட ஆகாது.

'சக்தி' இன்னொரு தொல்லை. பேச்சில் விசையும் சக்தி, ஆற்றலும் சக்தி, திறனும் சக்தி. ஆரம்பத்தில் ஒரு பிள்ளை 'சக்தி' என்று வாயெடுத்தாலே திருத்துவேன். கொஞ்ச நாளில் அவர்கள் வாயெடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது திருத்துவதில்லை, கேட்கிறேன்: 'நீ சொல்கிற சக்தி தள்ளுகிறதா? செலவாகிறதா? எவ்வளவு சீக்கிரம் செலவாகிறது என்று சொல்ல வருகிறாயா?' தள்ளினால் விசை, செலவானால் ஆற்றல், சீக்கிரத்தைப் பற்றிய பேச்சு என்றால் திறன். ஆற்றல் செலவாவதில்லை, உருமாறத்தான் செய்கிறது என்று யாராவது சண்டைக்கு வரலாம். வரட்டும். பத்து வயதில் ஏறுவதற்கு இந்தப் படி போதும்.

## எடையா, நிறையா?

நிலவுக்குப் போனால் எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை மாறாது. சின்ன வகுப்புகளில் இதை நோண்ட வேண்டாம்.

## அந்த மெழுகுவத்தி

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சற்று நேரத்தில் சுடர் அணைகிறது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அப்புறம் அந்த வசனம்: 'காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். மெழுகுவத்தி அதை எரித்துத் தீர்த்துவிட்டது. காலியான இடத்துக்குத் தண்ணீர் வந்தது. பாருங்கள், சரியாக ஐந்தில் ஒரு பங்கு!'

காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம் என்பது உண்மை. மிச்சமெல்லாம் தப்பு.

சுடர் ஆக்சிஜனைத் தீர்ப்பதே இல்லை. மூடிய இடத்தில் ஆக்சிஜன் 16 சதவீதத்தை ஒட்டி இறங்கும்போதே மெழுகுவத்தி மூச்சை விட்டுவிடும். 21-இல் 5 போனது, மீதி டம்ளருக்குள்தான் இருக்கிறது. போன அந்த ஐந்தின் இடமும் காலியாகக் கிடப்பதில்லை. மெழுகு எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும். நீராவி குளிர்ந்து துளியாகிவிடும், சரி. ஆனால் மூன்று பங்கு ஆக்சிஜன் போன இடத்தில் ஏறக்குறைய இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'அது தண்ணீரில் கரைந்துவிடுமே' என்பார்கள். கரையும், அந்தச் சில நொடிகளில் மிகக் கொஞ்சம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எரிவதால் மட்டும் குறையும் வாயுவின் அளவு 2 சதவீதத்தைத் தாண்டாது. அப்படியிருக்க, 20 சதவீத உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றியது யார்?

சூடுதான். டம்ளரைச் சுடருக்கு மேல் கொண்டுவரும்போதே உள்ளே இருக்கும் காற்று சூடாகி, விரிந்து, வழிந்து வெளியே போகத் தொடங்குகிறது. விளிம்பு தண்ணீரைத் தொட்ட பிறகும் ஓரத்தில் குமிழ்கள் கிளம்புவதைப் பார்க்கலாம். சுடர் அணைந்ததும் மிஞ்சிய காற்று குளிர்கிறது, உள்ளே அழுத்தம் இறங்குகிறது, வெளியே இருக்கும் வளிமண்டலம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. எரியும் வரை சோம்பிக் கிடந்த தண்ணீர், அணைந்த பின் விறுவிறுவென ஏறுவது இதனால்தான். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால் எரியும் நேரமெல்லாம் சீராக ஏறியிருக்க வேண்டும். பதினோரு வருடம் கண்ணெதிரே நடந்ததை நான் பார்க்கவில்லை. என் பார்வை முழுக்கக் கோட்டின் மேல் இருந்தது.

கோடு என்று சொன்னது, டம்ளரில் ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் நான் மாட்டிவைத்த ரப்பர் பேண்டு. தண்ணீர் அங்கே வந்து நிற்பதில்தான் வம்பே இருக்கிறது. 27 டிகிரியில் இருக்கும் காற்றை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் கால் பங்கு விரியும். அது திரும்ப 27-க்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். டம்ளரும் சுடரும் தோதாக அமைந்துவிட்டால், ஆக்சிஜனுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஆக்சிஜனின் அளவு கிடைத்துவிடும். தோதான டம்ளர் எது என்று எனக்குத் தெரியும், அதை அலமாரியில் தனியாக எடுத்து வைத்திருந்தேன். மற்ற டம்ளர்களில் 'சரியாக வராது' என்றும் தெரியும். ஏன் வராது என்று ஒரு நாளும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

ஒரு பெண் கேட்டாள். அதிகம் பேசாத பிள்ளை. 'சார், மூணு மெழுகுவத்தி வெச்சா ஆக்சிஜன் சீக்கிரம் தீரும். ஆனா தண்ணி இதே கோட்டுலதானே நிக்கணும்?' இதைவிட நல்ல கேள்வியை அந்த வருடம் முழுக்க யாரும் கேட்கவில்லை. வைத்துப் பார்க்கச் சொன்னேன். தண்ணீர் ரப்பர் பேண்டைத் தாண்டி மேலே போனது. 'நீ டம்ளரைச் சரியாகக் கவிழ்க்கவில்லை' என்றேன். மறுபடியும் கவிழ்த்தாள், மறுபடியும் தாண்டியது. மணி அடித்துவிட்டது என்று சொல்லி எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். ஆண்டுத் தேர்வில் அவள் 'ஐந்தில் ஒரு பங்கு' என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.

நஷ்டம் அதோடு நிற்கவில்லை. அதே பிள்ளைகளுக்கு மேல் வகுப்பில் நிறை அழிவின்மை விதி எடுத்தபோது, எரிந்தால் காற்று குறையும், பொருள் இல்லாமல் போகும் என்பதையே பாதிப்பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதை அவர்கள் தலையில் ஏற்றியவனே இறக்கவும் வேண்டியிருந்தது. ஏற்ற நாற்பது நிமிடம், இறக்க ஒரு பருவம்.

இந்தச் சோதனையில் ஏமாந்தது நான் மட்டும் இல்லை. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே கிரேக்கப் பொறியாளர் பைசாந்தியத்து ஃபிலோ இதை எழுதிவைத்து, காரணத்தைத் தவறாகவே சொல்லியிருக்கிறார். அவருக்கு ஆக்சிஜன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

மெழுகுவத்தியைத் தூக்கிப் போட வேண்டாம். வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் பற்றிய பாடத்துக்கு மாற்றிவிடுங்கள், அங்கே அது நன்றாக உழைக்கும். கூடவே நெருப்பே இல்லாமல் ஒன்று செய்யுங்கள்: ஒரு பாட்டிலைச் சுடுதண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, தண்ணீரைக் கொட்டிவிட்டு, உடனே தட்டுத் தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். எதுவும் எரியவில்லை, ஆனாலும் தண்ணீர் ஏறும். அதற்குப் பிறகு பிள்ளைகளே மெழுகுவத்தியைச் சந்தேகிக்க ஆரம்பிப்பார்கள்.

ஐந்தில் ஒரு பங்கைக் காட்டியே தீர வேண்டும் என்றால் துருவை நம்புங்கள். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைக் கொஞ்ச நேரம் வினிகரில் ஊறவைத்து உதறி, உயரமான சோதனைக் குழாயின் அடியில் திணித்து, குழாயைத் தண்ணீரில் தலைகீழாக நிறுத்துங்கள். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், பதிலுக்கு எந்த வாயுவையும் விடாது. ஓரிரு நாளில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறி அங்கேயே நின்றுவிடும், எவ்வளவு நாரைத் திணித்தாலும் மேலே போகாது. துருப்பிடிக்காத எஃகு நாரை வாங்கிவந்துவிட்டால் ஒரு வாரம் ஆனாலும் ஒன்றும் நடக்காது. அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்தப் புது ஆசிரியரிடம் வகுப்பு முடிந்ததும் இதைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. 'இப்போதுதானே சார் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்?' என்றார். நாளைக்கு மூன்று மெழுகுவத்தியோடு போங்கள், எதுவும் சொல்லாமல் வைத்துக் காட்டுங்கள் என்றேன். போனாரா என்று இன்னும் கேட்கவில்லை.

## சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை

பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி, சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மிகத் தள்ளி நிற்பது ஜூலையில், 15.2 கோடியில். வட கோளத்துக்கு ஜூலைதான் கோடை. கோடை, குளிர் எல்லாம் 23.5 டிகிரி அச்சுச் சாய்வின் வேலை.

பிள்ளைகளைக் கெடுப்பது நாம் போடும் படம். பூமியின் பாதையை முட்டை மாதிரி நசுக்கி வரைந்துவிட்டு, தூரம் காரணம் இல்லை என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? கரும்பலகையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு அந்தப் பாதையை அளவோடு வரைந்தால், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. சாக்பீஸ் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அது தொலைந்துபோகும். வட்டமாகவே போடுங்கள், சூரியனை மட்டும் நடுவிலிருந்து சுமார் எட்டு மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள்.

## பிறை என்பது பூமியின் நிழல்

இல்லை. அது கிரகணம்.

## சோடா உப்பு எரிமலை

சோடா உப்பில் வினிகரை ஊற்றினால் நுரை பொங்கும். வேடிக்கையாக இருக்கும், செய்யட்டும். எரிமலைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அமிலமும் காரமும் என்ற பாடத்தில் வையுங்கள்.

## செடி மண்ணைத் தின்று வளர்கிறது

இவ்வளவு பெரிய கட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வகுப்பு மொத்தமும் 'மண்ணிலிருந்து' என்னும். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளையும் அதைத்தான் சொல்லும். சமன்பாட்டில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு தான் கண்ணால் பார்க்கும் கட்டையாக மாறியது என்று அதற்குத் தோன்றவே தோன்றாது. செடி இரவில் மட்டும் சுவாசிக்கும் என்ற தவறும் இதன் தம்பிதான். சுவாசம் இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, ஒளிச்சேர்க்கைக்குத்தான் வெளிச்சம் வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டு விஞ்ஞானி ஹெல்மான்ட்டின் கதையைச் சொல்லுங்கள். தொட்டியில் சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணை நிறுத்துப் போட்டு, வில்லோ கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 74 கிலோ கூடியது. மண்ணைக் காயவைத்து நிறுத்தால் அறுபது கிராம்கூடக் குறையவில்லை. அவர் இறந்த பிறகு 1648-இல் வந்த நூலில் இது இருக்கிறது. நிறுத்தது அத்தனையும் சரி. ஆனால் மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டிவிட்டார். வாயுவைக் குறிக்கும் 'கேஸ்' என்ற சொல்லை உண்டாக்கியவரும், கரி எரிந்தால் ஒரு வாயு (நாம் சொல்லும் கார்பன் டை ஆக்சைடு) வருகிறது என்று அதற்குத் தனிப்பெயர் வைத்தவரும் அதே ஹெல்மான்ட்தான்.