தைராய்டு மாத்திரை போட்டுக்கொண்டே எடை குறைக்க நான் போன வரிசை

"எனக்குத் தைராய்டு இருக்கிறது, என்ன செய்தாலும் எடை இறங்காது" என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டு இருந்தேன். ராத்திரி சாப்பாட்டை விட்டுப் பார்த்தேன், கொள்ளு ரசம் குடித்துப் பார்த்தேன். 74 கிலோ அப்படியே நின்றது. இப்போது 66. பதினொரு மாதம் ஆனது. வரிசை மாறிப் போனதால்தான் முதல் இரண்டு வருடம் வீணானது, அதனால் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இது தைராய்டு குறைவாகச் சுரந்து, லெவோதைராக்சின் மாத்திரை எடுப்பவர்களுக்கு. கர்ப்பமாக இருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். அப்போது மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம், உடனே டாக்டரைப் பாருங்கள்.

படி 1: மாத்திரையைச் சரியாகப் போடுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். காலையில் எழுந்ததும் அடுப்படிக்குப் போவேன். பால் ஒரு பக்கம் காயும், டிகாக்ஷன் இறங்கிக்கொண்டு இருக்கும். அங்கேயே நின்று மாத்திரையை விழுங்குவேன். பத்து நிமிடத்தில் காபி டம்ளர் கையில் இருக்கும். டிபன் முடிந்த கையோடு கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும். ஒருநாளும் மாத்திரை தவறியதில்லை, ஆனாலும் டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 9-க்குக் கீழே வரவில்லை. 75 மைக்ரோகிராமை 100 ஆக்கினார்கள். அப்புறமும் பெரிய மாற்றம் இல்லை.

வேறு ஒரு டாக்டரிடம் போனபோது அவர் ரிப்போர்ட்டைத் திறக்கும் முன்பே, "மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சும்மா காபி குடிப்பீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

இந்த மாத்திரை சிறுகுடலில்தான் ரத்தத்தில் சேர்கிறது. காபி அதைக் குறைக்கிறது. கால்சியமும் இரும்பும் மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஒரு பங்கு உடம்பில் சேராமலே வெளியே போய்விடுகிறது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, காபிக்கும் டிபனுக்கும் அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேரம்.

நான் மாற்றியது இவ்வளவுதான்: மாத்திரை பாட்டில் இப்போது கட்டில் பக்கத்தில், கூடவே மூடிய சொம்பில் தண்ணீர். 5 மணிக்குக் கண் விழித்ததும் மாத்திரை. 6 மணிக்கு ஓர் அலாரம், அது காபிக்கு. கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரும்பு ராத்திரி.

ஏழு நாளுக்கான பிளாஸ்டிக் டப்பாவில் மாத்திரையைப் பிரித்துப் போட்டு அடுப்பு மேடையில் வைப்பதை நான் விரும்புவதில்லை. சூடும் ஈரமும் இந்த மாத்திரைக்கு ஆகாது. வந்த பாட்டிலிலேயே இருக்கட்டும். போட்டோமா என்ற சந்தேகம் வராமல் இருக்கத் தினசரி காலண்டரைக் கிழிக்கும்போது ஒரு டிக் போதும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நேரத்தைச் சரிசெய்யப் போகிறீர்கள் என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். காபிக்குச் சேர்த்துக் கூட்டப்பட்ட 100 மைக்ரோகிராம், காபி விலகியதும் எனக்கு அதிகமாகிவிட்டது. நெஞ்சு படபடத்தது, தூக்கம் போனது, டி.எஸ்.எச். 0.2-க்கு இறங்கியது. திரும்ப 75-க்கே குறைத்தார்கள்.

படி 2: 6 முதல் 8 வாரம் பொறுங்கள்

மாத்திரையில் இருக்கும் ஹார்மோன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் அளவையோ நேரத்தையோ மாற்றிய பத்தாம் நாள் ரத்தம் கொடுத்துப் பார்த்து மனசு விட்டுப்போக வேண்டாம். ஒரே லேபில், ஒரே நேரத்தில் பாருங்கள்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுக்கிறீர்களா? சில லேப் முறைகளில் அது டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐ (தைராய்டு ஹார்மோனை) கூட்டியும் காட்டிவிடும். சோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள்.

படி 3: எது தைராய்டின் எடை என்று பிரித்துப் பாருங்கள்

தைராய்டு குறைவதால் மட்டும் ஏறும் எடை பொதுவாக 2 முதல் 5 கிலோ என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொல்கிறது. அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். எனக்கு அளவு சரியானதும் மூன்று கிலோ தானாக இறங்கியது. மோதிரம் தளர்ந்தது, காலையில் முகம் வீங்கியிருப்பது நின்றது. பிறகு தராசு 71-இல் நின்றுவிட்டது. மிச்சம் என் தட்டில் இருந்து வந்தது என்று ஒத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அதை ஒத்துக்கொண்ட பிறகுதான் வழி தெரிந்தது.

சீக்கிரம் இளைக்கலாம் என்று மாத்திரையை நீங்களாகக் கூட்டவே கூடாது. எலும்பு தேயும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

படி 4: எண்ணெயும் இட்லியும்

நான் கண்ணளவில் ஊற்றிய எண்ணெயை ஒருநாள் அளந்தேன். தாளிக்க மட்டும் மூன்று மேசைக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. இப்போது கேனில் இருந்து நேராக ஊற்றுவதில்லை. டீஸ்பூன் போட்ட சின்னத் தூக்கில் தினமும் எடுத்து வைப்பதோடு சரி. விலை கூடிய ஏர் ஃப்ரையரைவிட எனக்கு இது அதிகம் உதவியது.

தேங்காய்ச் சட்னியோடு ஐந்து இட்லி சாப்பிட்ட இடத்தில் இப்போது மூன்று இட்லி, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார், இரண்டு அவித்த முட்டை. இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம் கிடைக்கிறது, 11 மணிக்குப் பிஸ்கட் தேடுவது நின்றது. மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல். மதியம் சோற்றை ஒரு கப் அளந்து போட்டுக்கொண்டு, அதே அளவு பொரியல்.

படி 5: நடை

ஆரம்பத்தில் அசதி இருக்கும், ஒரு மணி நேர நடை வேண்டாம். சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம், மூன்று வேளை. ஒரு மாதம் கழித்து, கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து பத்து முறை எழுந்து உட்காருவதைச் சேர்த்தேன்.

தராசைப் பாய் மேல் வைக்காமல் டைல்ஸ் தரையில் வையுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் ஏறும் ஒரு கிலோவைக் கணக்கில் எடுக்க வேண்டாம். என்னைக் கேட்டால் தராசைவிடத் தையல் டேப் நல்லது. இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: நீங்கள் கேட்டவை

கோஸ், காலிஃபிளவர் தைராய்டுக்கு ஆகாதா? வேகவைத்து, வழக்கமான அளவில் சாப்பிடலாம். நான் சாப்பிடுகிறேன்.

மூன்று வேளையும் கம்புக்கு மாறியதாக ஒரு சகோதரி எழுதியிருந்தார். அயோடின் பற்றாக்குறை இருக்கும்போது கம்பு தைராய்டைத் தடுக்கும். மற்ற தானியங்களோடு மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். அதே சகோதரி சமையலுக்கு இந்துப்பு மட்டும் போடுகிறார். அதில் போதிய அயோடின் கிடையாது, டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை அயோடின் உப்பே போதும்.

அசிடிட்டி மாத்திரை தினமும் எடுப்பவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் உறிஞ்சுதலைக் குறைக்கும். காலையில் ஒரு மணி நேரம் காத்திருக்கவே முடியாதவர்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று கேளுங்கள். ஷிப்ட் வேலை பார்க்கும் என் நாத்தனார் அப்படித்தான் போடுகிறார்.

ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரை எப்போது? போட்ட சில மணி நேரத்துக்கு டி4 கூடித் தெரியும் என்பதால் ரத்தம் கொடுத்த பிறகுதான். நான் பாட்டிலைக் கைப்பையில் கொண்டு போய், லேப் வாசலிலேயே போட்டுவிட்டு வருவேன். வீட்டுக்கு நடந்து வந்து குளித்து முடிப்பதற்குள் காபி நேரம் வந்துவிடும்.