பழைய சில்வராடோவில் மீட்டர் கிளஸ்டரை (ஸ்டீயரிங்குக்கு முன்னால் எல்லா முட்களும் இருக்கும் மீட்டர் தொகுதியை) கழற்றி மாட்டுவது எப்படி?

2003 முதல் 2006 வரை வந்த செவ்ரோலே சில்வராடோ, ஜிஎம்சி சியரா பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. வண்டி நின்றுகொண்டிருக்கும், ஸ்பீடாமீட்டர் முள் 40 மைலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முள்ளுக்கும் பின்னால் ஒரு குட்டி ஸ்டெப்பர் மோட்டார் உண்டு. அது தேய்ந்து போவதுதான் காரணம். என் வண்டியைச் சரிசெய்தபோது தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கோளாறு மீட்டரில்தானா என்று பாருங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து தகவல் எடுக்கும் சாக்கெட்) விலை குறைந்த ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் வேகமும் கூலண்ட் சூடும் எண்ணாகத் தெரியும். எண் சரியாக இருந்து முள் மட்டும் தப்பாகக் காட்டினால் கிளஸ்டர்தான் குற்றவாளி. ஆயில் பிரஷர் முள் மட்டும் சண்டித்தனம் செய்தால் அவசரப்பட வேண்டாம். 5.3 லிட்டர் வி8 இன்ஜினில் பின்பக்கம் இருக்கும் ஆயில் பிரஷர் சென்சாரே அடிக்கடி கெடும்.

காயலான் கடையில் கிடைக்கும் பழைய கிளஸ்டரை வாங்கி அப்படியே மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். இந்த வண்டிகளில் ஓடோமீட்டர் கணக்கு கிளஸ்டருக்குள் இருக்கும் சிப்பில் பதிவாகிறது. வேறு வண்டியின் கிளஸ்டரை மாட்டினால் அந்த வண்டி ஓடிய தூரம்தான் தெரியும். மாற்றிய ஓடோமீட்டர் பழைய எண்ணையே காட்ட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். முடியாவிட்டால் பூஜ்ஜியத்தில் வைத்து, பழைய தூரத்தையும் மாற்றிய தேதியையும் எழுதி இடதுபக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். அதனால் என் ஓட்டு, சொந்தக் கிளஸ்டரையே கழற்றிப் புது மோட்டார் போடுவதற்குத்தான். சால்டரிங் வராதவர்கள் அதைப் பழுதுபார்ப்பவரிடம் அனுப்பலாம். எண் மாறாமல் திரும்பி வரும்.

இனி கழற்றும் வேலை. இதில் வரிசைதான் முக்கியம். பேட்டரியை முதலில் கழற்றிவிடக் கூடாது, கரண்ட் இல்லாவிட்டால் கியர் லிவர் 'பி'யை (பார்க்) விட்டு நகராது. ஸ்டீயரிங்கையும் கியர் லிவரையும் சுற்றி ரேடியோ வரை போகும் பிளாஸ்டிக் சட்டம் ஒரே துண்டு. லிவர் 'பி'யில் நின்றால் சட்டம் அதில் இடிக்கும். ஆகவே சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக்கை நன்றாக மிதியுங்கள். சாவியை 'ரன்' வரை திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், கால் பிரேக்கை அழுத்தியபடி லிவரை '1'க்கு இறக்குங்கள். 'பி'யை விட்டதும் கியர்பாக்ஸின் பூட்டு விலகிவிடும். கட்டை இல்லாவிட்டால் வண்டி உருளும். ஸ்டீயரிங்கையும் அடிவரை சாய்த்துவிட்டு, சாவியை 'ஆஃப்' ஆக்குங்கள். லிவர் 'பி'யில் இல்லாததால் சாவி வெளியே வராது, விட்டுவிடுங்கள். அப்புறம்தான் பேட்டரியின் மைனஸ் முனை. 8 எம்.எம். ஸ்பேனர் போதும்.

சட்டத்தைப் பிடித்திருப்பது கிளிப்புகள்தான். ஓரத்திலிருந்து கையால் இழுத்துக்கொண்டே வாருங்கள். நெம்பத் தேவைப்பட்டால் பிளாஸ்டிக் நெம்புகோல் மட்டும். ஸ்க்ரூடிரைவர் போட்டால் தழும்பு விழும். பின்னால் ஏதாவது ஒயர் இழுத்தால் அதன் கனெக்டரை முதலில் விடுவியுங்கள். உள்ளே நான்கு 7 எம்.எம். ஸ்க்ரூக்கள். காந்த முனையுள்ள சாக்கெட்டும் சின்ன ராட்செட்டும்தான் இதற்குச் சரி. டேஷுக்குள் ஒரு ஸ்க்ரூ விழுந்தால் தேடியே மாலை போய்விடும். பவர் டிரில் வேண்டவே வேண்டாம். கிளஸ்டரை முன்னால் சாய்த்து, பின்னால் இருக்கும் ஒரே கனெக்டரைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும்.

மோட்டாரை நீங்களே மாற்றுவதானால் எக்ஸ்27.168 வாங்குங்கள். ஒன்று கெட்டிருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது, மற்றவையும் அதே வயதுதான். முள்ளைப் பிடுங்கும் முன் அது ஓய்வில் நிற்கும் இடத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மோட்டாருக்கு நான்கு கால்கள். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சால்டரிங் அயர்னும் ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னலும் இருந்தால் போர்டு கருகாது. பின்வெளிச்ச பல்புகளும் சால்டர் செய்தவைதான், அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். எல்இடி போட்டால் பிளஸ், மைனஸ் பார்த்துப் போட வேண்டும்.

சட்டத்தை மாட்டும் முன்பே சோதித்துவிடுங்கள். கனெக்டரையும் பேட்டரியையும் இணைத்து சாவியைத் திருப்புங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும், ஓடோமீட்டரும் கியர் எழுத்தும் தெரிய வேண்டும். பிறகு சட்டத்தை அழுத்தி, லிவரை 'பி'க்கு ஏற்றி, கடைசியாகக் கட்டைகளை எடுங்கள். முதல் ஓட்டத்தில் ஜிபிஎஸ் வேகத்தோடு ஸ்பீடாமீட்டரை ஒப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: 1999 முதல் 2002 வரையிலான வண்டியின் கிளஸ்டர் இதற்குப் பொருந்துமா என்று சிலர் கேட்டார்கள். பொருந்தாது. டீசல் வண்டிக் கிளஸ்டரையும் பெட்ரோல் வண்டியில் போடாதீர்கள், ஆர்பிஎம் அளவுகோலே வேறு.