காய் பிடித்தால் மட்டும் போதுமா? கைமுறை மகரந்தச் சேர்க்கையிலும் மகரந்தச் சேமிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பூவின் மகரந்தத்தை நாமே எடுத்து மற்றொரு பூவில் தடவும் கைமுறை மகரந்தச் சேர்க்கையில் நேரும் தவறுகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு வகை உடனே தெரிந்துவிடும். பூ வாடி உதிரும், காய் பிடிக்காது, மறுநாள் வேறொரு பூவில் மீண்டும் முயன்று பார்க்கலாம். மற்றொரு வகை வெளியே தெரிவதே இல்லை. காய் திரண்டு, விதை முற்றி, நாற்றும் செழிப்பாக வளர்ந்து, டேலில்லி என்னும் பூச்செடியாக இருந்தால் இரண்டு ஆண்டுகளும் அமரில்லிஸ் என்று விற்கப்படும் ஹிப்பியாஸ்ட்ரமாக இருந்தால் மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலுமோ காத்திருந்த பிறகு, தாய்ச்செடியின் பூவையே அச்சில் வார்த்தது போன்ற ஒரு பூ மலரும். நாம் தடவிய மகரந்தத்திற்கு அந்த விதைகளில் பங்கே இல்லை என்பது அப்போதுதான் புரியும். கலப்பினம் உருவாக்கப் புகுபவர் அஞ்ச வேண்டியது இந்த இரண்டாம் வகையைத்தான். ஆகவே அதற்கே இங்கு முதலிடம் தருகிறேன்.

அவ்வகைத் தவறுகளில் முதன்மையானது, ஏற்கெனவே விரிந்துவிட்ட பூவைத் தாயாகத் தேர்ந்தெடுப்பது. காலையில் அழகாக மலர்ந்திருக்கும் பூவைக் கண்டு, அதன் ஆண் உறுப்புகளான மகரந்தத்தாள்களைக் கிள்ளிவிட்டு, வேற்று மகரந்தத்தைத் தடவினால் வேலை முடிந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் நாம் வருவதற்கு முன்பே தேனீயோ எறும்போ அங்கு வந்து போயிருக்கலாம். பல பூக்களில் மொட்டு அவிழும் வேளையிலேயே மகரந்தப்பைகளும் வெடித்துவிடுகின்றன. பட்டாணி போன்றவற்றில் மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தச் சேர்க்கை நடந்து முடிந்துவிடுகிறது. ஆண்தன்மை நீக்கம் எனப்படும் மகரந்தத்தாள்களை அகற்றும் பணியை, மொட்டு விரிவதற்கு முந்தைய மாலையிலேயே செய்துவிட வேண்டும்.

செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம். மறுநாள் விரியவிருக்கும் மொட்டு, புல்லிவட்டத்தைத் தாண்டி நீண்டு, மடக்கிய குடையைப் போல இதழ்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும். கூரிய பிளேடால் இதழ்களை ஒரு பக்கமாக நீளவாக்கில் மெல்லக் கீறி விலக்கினால், நடுத்தண்டைச் சுற்றிலும் சிறுமணிகள் போல மகரந்தப்பைகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவை வழவழப்பாக மூடியிருக்கும் வரை கவலையில்லை. ஒன்றேனும் வெடித்து, மாவு தூவியது போலத் தெரிந்தால் அந்த மொட்டைக் கைவிடுவதே நல்லது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கும்போது பைகளை நசுக்கக் கூடாது. நுனியில் மகரந்தத்தை ஏற்கும் ஐந்து சூல்முடிகளின் மீதும் இடுக்கி படக் கூடாது. பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் தண்டின் அடிப்பகுதிதான்: இதழ்களின் மறைவில் நாலைந்து பைகள் தங்கிவிடும், அவையே மறுநாள் நம் உழைப்பைக் கெடுக்கும். செம்பருத்தி இனங்கள் சிலவற்றில், வேற்று மகரந்தம் கிடைக்காவிட்டால் சூல்முடிகள் தாமாகவே வளைந்து கீழிறங்கித் தன் மகரந்தத்தைத் தொட்டுக்கொள்ளும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பூவுக்கு நம் திட்டம் தெரியாது அல்லவா?

மகரந்தத்தாள்களை நீக்கிய பூவை உறையிடாமல் விடுவது அடுத்த தவறு. இதழும் போய்விட்டது, இனித் தேனீ வராது என்று நம்பிவிடுகிறோம். ஜெர்மானியத் தாவரவியலாளர் யோசப் கோட்லீப் கோல்ரூட்டர் 1760-களில் புகையிலை முதலிய செடிகளைக் கலந்து ஆராய்ந்தபோது, ஒரே சூல்முடியில் சொந்த இனத்தின் மகரந்தமும் வேற்றினத்தின் மகரந்தமும் சேர்ந்து விழுந்தால் சொந்த இனத்தினுடையதே வெல்கிறது என்பதைக் கண்டறிந்தார். இரு வேறு இனங்களைக் கலக்க முயல்பவருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை. நாம் தாராளமாகத் தடவிய பிறகும், வழிதவறி வந்து விழும் சில மணிகள் போட்டியில் முந்திவிடக்கூடும். உறைக்கு மெல்லிய துணிப்பையோ பட்டர் பேப்பர் பையோ பொருத்தமானது. பாலித்தீன் பையைக் கட்டினால் உள்ளே வெப்பமும் ஈரமும் சேர்ந்து பூ வெந்து அழுகிவிடும். சேர்க்கை முடிந்த பின்னும் சூல்முடி கருகிச் சுருங்கும் வரை உறை இருக்க வேண்டும்.

நம் கைத்திறனைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஏனோ இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. ஐந்து மொட்டுகளில் ஆண்தன்மை நீக்கம் செய்தால், அவற்றுள் ஒன்றில் எந்த மகரந்தத்தையும் தடவாமல் உறையிட்டு விட்டுவிட வேண்டும். அது காய்த்தால் மற்ற நான்கையும் நம்ப முடியாது. சில மழை லில்லி இனங்களைப் போலக் கருவுறுதல் இல்லாமலே விதை உண்டாக்கும் செடிகளும் இருக்கின்றன. அவற்றைத் தாயாக வைத்தால், எத்தனை கவனமாகச் செய்தாலும் நாற்றுகள் பெரும்பாலும் தாயின் நகலாகவே வளரும். அத்தகைய செடியைத் தந்தையாக மட்டும் பயன்படுத்துவதே முறை.

இனி, காய் பிடிக்காமல் போகும் தவறுகளுக்கு வருவோம். சூல்முடி தயாராவதற்கு முன்போ, தயார்நிலை கடந்த பின்போ மகரந்தம் இடுவது மிகப் பரவலானது. ஹிப்பியாஸ்ட்ரத்தில் மகரந்தப்பைகள் முதலில் வெடிக்கும். சூல்முடி அப்போது மூடிய நிலையில் இருந்து, ஓரிரு நாள் கழித்தே மூன்று கிளைகளாக விரியும். ரோஜாவில் மொட்டிலேயே மகரந்தத்தாள்களை நறுக்கிய பிறகு ஒரு நாள் பொறுத்தால் சூல்முடிகள் பிசுபிசுப்பாகும். டேலில்லியோ ஒரே நாளில் வாடும் பூ; கொளுத்தும் பிற்பகலில் இட்ட மகரந்தம் பெரும்பாலும் வீணாகும் என்பதால் காலை வேளையே உகந்தது. மழை நீரோ பாசன நீரோ பட்டு நனைந்த சூல்முடியில் மகரந்தம் இடுவதும் பயனற்றது, ஏனெனில் நேரடி நீர் பட்டால் பல செடிகளின் மகரந்த மணிகள் உப்பி வெடித்துவிடுகின்றன.

பாலைவன ரோஜா எனப்படும் அடீனியத்தில் தவறு நேரத்தில் அன்று, இடத்தில். பூவின் குழாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஐந்து மெல்லிய இழைகளையே மகரந்தம் என்று எண்ணித் தூரிகையால் வருடிவிட்டு, காய்க்கவில்லையே என்று வருந்துபவர்கள் பலர். அந்த இழைகள் மகரந்தப்பைகளின் வால்கள் மட்டுமே. பைகள் ஐந்தும் குழாயின் அடியில் ஒன்று சேர்ந்து கூம்பாகக் குவிந்திருக்கும். மகரந்தம் அக்கூம்பின் உட்புறம் மேற்பகுதியில் இருக்கும். மகரந்தத்தை ஏற்கும் பரப்போ அதற்குக் கீழே, சூல்தண்டின் தலைப்பகுதியின் அடிவிளிம்பில் ஒளிந்திருக்கும். குழாயை ஒரு பக்கம் கிழித்து, இரண்டு பைகளுக்கு இடைப்பட்ட பிளவின் வழியாக நுண்ணிய தூரிகை முனையால் மகரந்தத்தை உள்ளே செலுத்தினால்தான் காய் கிடைக்கும். முதன்முறை செய்பவருக்குக் கை நடுங்கும். பழைய பூ ஒன்றை அறுத்துப் பார்த்து அமைப்பை விளங்கிக்கொண்டு தொடங்கினால் பாதித் தொல்லை தீர்ந்தது.

மகரந்தச் சேமிப்பில் நேரும் கேடுகளுக்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். இரு செடிகள் வெவ்வேறு பருவத்தில் பூப்பதால்தான் சேமிப்பின் தேவையே எழுகிறது. பூத்த அன்றே பையைக் கிள்ளி டப்பியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் சில நாட்களில் பூஞ்சைதான் மிஞ்சும். முதலில் இதழ்த் துணுக்குகளையும் மகரந்தத்தாளின் காம்புகளையும் நீக்கிவிட வேண்டும். அவற்றில் உள்ள நீர் மகரந்தத்தைக் கெடுக்கும். பின்னர் காகிதத்தின் மீது பரப்பி, நிழலில், காற்றோட்டம் மிகாத அறையில், பைகள் வெடித்துத் தூள் உதிரும் வரை உலர்த்த வேண்டும். வெயிலில் உலர்த்தினால் விரைவில் முடியும் என்பது உண்மையே, ஆனால் மகரந்தத்தின் உயிரும் உடன் முடிந்துவிடும். உலர்ந்த தூளைச் சிறு காகிதப் பொட்டலத்திலோ ஜெலட்டின் உறையிலோ இட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உள்ள இறுக்கமான புட்டியில் வைக்க வேண்டும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாகவோ, நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாகவோ மாறினால் அதன் ஈர்க்கும் திறன் தீர்ந்துவிட்டது என்று பொருள். சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம்.

சில வாரங்களுக்கு 4 டிகிரி செல்சியஸ் குளிர் போதும். அடுத்த பருவம் வரை வைத்திருக்க வேண்டுமானால் ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரி வேண்டும். சரியாக உலராத மகரந்தத்தை உறையவிட்டால், உள்ளிருக்கும் நீர் பனிப்படிகமாகி மணிகளைக் கிழித்துவிடும். இதற்கு இணையான மற்றொரு தவறு வெளியே எடுக்கும்போது நிகழ்கிறது. நானும் ஒருமுறை, பூ வாடிவிடுமே என்ற பதற்றத்தில், ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு புட்டியைத் திறந்துவிட்டேன்; கண்ணெதிரிலேயே உட்புறக் கண்ணாடியில் நீர்த்துளிகள் பூத்தன, ஓர் ஆண்டு காத்த லில்லி மகரந்தம் பசையாகிப் போனது. மூடிய புட்டி அறையின் வெப்பநிலைக்கு வரும் வரை அரை மணி நேரமாவது திறக்காமல் இருக்க வேண்டும். ஒரே புட்டியை எடுத்தும் வைத்தும் பழகுவதைவிட, ஒரு தடவைக்குத் தேவையான அளவுகளில் தனித்தனிப் பொட்டலங்களாகப் பிரித்து வைப்பது எவ்வளவோ மேல்.

எல்லா மகரந்தமும் சேமிப்புக்கு இணங்கும் என்று கருதுவதும் பிழையே. லில்லி, ஹிப்பியாஸ்ட்ரம் போன்றவற்றின் மகரந்தம் நன்கு தாங்கும். சூரியகாந்திக் குடும்பம், புல் குடும்பம் ஆகியவற்றின் மகரந்த மணிகள் மூன்று செல்களுடன் முதிர்ந்து வெளிவருபவை. இவ்வகை மகரந்தம் பொதுவாகக் குறுகிய ஆயுளுடையது, மக்காச்சோளத்தின் மகரந்தம் திறந்த வெளியில் சில மணி நேரத்திலேயே உயிரிழந்துவிடும். ஐயமிருந்தால் சோதித்துப் பார்க்கலாம்: ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் சர்க்கரையும் 0.1 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, அதில் ஒரு துளியில் மகரந்தத்தைத் தூவி, சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், உயிருள்ள மணிகளிலிருந்து மகரந்தக்குழல் முளைத்திருக்கும். இந்தக் கரைசல் எல்லாச் செடிகளுக்கும் ஒத்துவராது என்பதால், அன்று மலர்ந்த பூவின் புது மகரந்தத்தையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட வேண்டும்.

தூரிகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு தந்தைச் செடிக்கும் தனி பஞ்சுக்குச்சி போதும். ஒரே தூரிகைதான் இருக்கிறது என்றால் ஆல்கஹாலில் கழுவி, முழுவதும் காய்ந்த பிறகே அடுத்த மகரந்தத்தைத் தொட வேண்டும்.

மரபுப் பண்புகளைத் தாங்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் இணை சேர்ப்பது ஆண்டுக்கணக்கில் ஏமாற்றும். டேலில்லியில் 22 குரோமோசோம் கொண்ட இருமய (இரு தொகுதி) வகைகளும் 44 கொண்ட நான்மய (நான்கு தொகுதி) வகைகளும் உண்டு. இவ்விரண்டையும் கலந்தால் விதை அரிதாகவே உருவாகும். அப்படியே உருவானாலும் கிடைப்பது பெரும்பாலும் 33 கொண்ட மும்மயச் செடியாக, மேற்கொண்டு விதை தர இயலாததாக இருக்கும். தோட்டங்களில் பரவலாகக் காணப்படும் பழைய ஆரஞ்சு டேலில்லி அத்தகைய மும்மயமே. லண்டனைச் சேர்ந்த தோட்டக்காரர் தாமஸ் ஃபேர்சைல்ட் 1717 வாக்கில் கார்னேஷன், ஸ்வீட் வில்லியம் என்னும் இரு வேறு இனங்களைக் கலந்து உருவாக்கிய செடியும் விதை தராத மலடாகவே இருந்தது. ஒரு கலப்பு ஒரு திசையில் தோற்றால், தாயையும் தந்தையையும் இடம் மாற்றியும் முயன்று பார்த்த பிறகே கைவிட வேண்டும்.

இடம் மாற்றினால் பலனும் மாறக்கூடும் என்பதால், குறிப்பெழுதுவதில் தாயை முதலிலும் தந்தையைப் பெருக்கல் குறிக்குப் பின்னும் எழுதும் மரபைப் பின்பற்றுவது நல்லது. 1909-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் கார்ல் கோரன்ஸ் அந்திமந்தாரையில் செய்த ஆய்வு, இலையின் வெள்ளைத் திட்டுகள் தாயின் வழியாக மட்டுமே இறங்குவதைக் காட்டியது. திட்டு இலைகள் வேண்டி அத்தகைய செடியைத் தந்தையாக வைத்து ஏமாறுபவர்கள் இன்றும் உள்ளனர். பேனா மை வெயிலில் வெளுத்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். பூக்காம்பில் கட்டும் அட்டையில் இரு பெற்றோரின் பெயரும் தேதியும் அன்றே எழுதப்பட வேண்டும்.

காய் முற்றும் கட்டத்தில், வெடிக்கும் வகைகளுக்கு வலைப்பை கட்ட மறக்கலாகாது. அடீனியத்தின் இரட்டைக் கொம்புக் காய் ஒரு காலையில் பிளந்து, இருமுனையிலும் குஞ்சம் கொண்ட விதைகளைக் காற்றில் அனுப்பிவிடும். நாற்றின் முதல் பூவை வைத்து அதைக் களைந்துவிடுவதும் அவசரமே. ரோஜா நாற்றுகளின் முதல் பூவில் இதழ்கள் குறைந்திருப்பது இயல்பு. முதல் பூவில் பார்க்க வேண்டியது அழகை அன்று, தந்தையின் அடையாளத்தை. இதற்காகவே, வெள்ளைப் பூவுள்ள தாய்க்கு அடர்நிறம் ஓங்கும் தந்தையைத் தேர்ந்தெடுத்தால், தன் மகரந்தத்தில் பிறந்த நாற்றுகள் வெள்ளையாகவே மலர்ந்து தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும்; அவற்றைத் தனியே ஒதுக்கி, எத்தனையில் எத்தனை என்று எண்ணிப் பழைய அட்டையின் பின்புறத்தில் குறித்துவைக்கலாம்.